தரையில் சிந்திய இரத்தம்

2016ஆம் ஆண்டு ஜூன் 28, விடிவதற்கு வெகுநேரம் முன்பு, பூச்சோங்கின் ஐ.ஓ.ஐ. பொலிவார்ட் வணிக வளாகத்தில் இருந்த ஒரு மதுக்கூடத்தின் மீது கையெறிகுண்டு வீசப்பட்டது. 8 பேர் காயமடைந்தார்கள். மலேசிய மண்ணில் ஐ.எஸ். அமைப்பின் தொடர்போடு நடந்த முதல் தாக்குதல் அதுதான் என்று போலீஸ் பின்னர் அறிவித்தது. யார் வீசினார்கள், எங்கிருந்து உத்தரவு வந்தது என்பதெல்லாம் பல வாரங்கள் பேசப்பட்டன. தடயவியல் பிரிவினர் வேலையை முடித்துக்கொண்டு போன பிறகு, அந்தத் தரையை யாரோ கழுவியிருப்பார்கள். அவரைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை.

குண்டுவீச்சு அபூர்வம். ஆனால் அதே பூச்சோங்கை ஊடறுத்துச் செல்லும் எல்.டி.பி. நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்து அபூர்வமல்ல. மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் உயிரிழக்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். தொழிற்சாலையில் இயந்திரத்தில் கை சிக்குகிறது. தாமான் வீட்டுக் குளியலறையில் பாட்டி வழுக்கி விழுந்து மண்டை உடைகிறது. அம்புலன்ஸ் வருகிறது, காயப்பட்டவரை ஏற்றிக்கொண்டு போகிறது. எல்லோருடைய கவனமும் அந்த வண்டியின் பின்னாலேயே போய்விடுகிறது. பின்னால் நிற்பது ஒரு வாளி, ஒரு மொப்பு, ஒரு போத்தல் குளோராக்ஸ், அதைக் கையில் வைத்திருக்கும் ஒரு மனுஷி. அந்த மனுஷிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அறிவியல் நிறைய இருக்கிறது. அது வியப்பூட்டும் அறிவியலும்கூட.

முதலில், கீழே கிடப்பது என்ன என்று பார்ப்போம். ஒரே ஒரு சொட்டு இரத்தத்தில் ஏறத்தாழ 25 கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. வெள்ளையணுக்கள் சில லட்சம். இவற்றைத் தவிர உறைவதற்கென்றே காத்திருக்கும் ஒரு புரதம், ஃபைப்ரினோஜென். குழாய்க்குள் ஓடும்வரை கரைந்தே இருக்கும் இது, காயம் பட்டதும் சில நிமிடங்களில் நாராகப் பின்னி, மீன்வலை போல அணுக்களைப் பிடித்துக்கொள்கிறது. உயிரைக் காப்பாற்ற உண்டான அந்த வலைதான் தரையிலும் விரிகிறது. ஓடுகளுக்கு இடையிலுள்ள சிமெண்டுப் பிளவுக்குள், மரப்பலகையின் நரம்புக்குள், பஞ்சு மெத்தைக்குள் இறங்கிப் பின்னிக்கொள்கிறது. காய்ந்த இரத்தத்தைத் துடைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதற்குக் காரணம் இதுவே.

இரத்தம் உடம்புக்கு உள்ளேயே சிந்துவதும் உண்டு. அதைத்தான் கன்றிப்போதல் என்கிறோம். அடிபட்ட இடத்தில் நுண்குழாய்கள் உடைந்து, தோலுக்கு அடியில் இரத்தம் தேங்குகிறது. அங்கே மொப்பு எடுத்துக்கொண்டு யாரும் வரவேண்டியதில்லை. மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கி அணுக்கள் திரண்டு வந்து சிவப்பணுக்களை விழுங்குகின்றன. உள்ளே ஒரு நொதி, ஹீமோகுளோபினின் சிவப்பு நிறப் பகுதியான ஹீமை வெட்டித் திறக்கிறது. அதிலிருந்து இரும்பு தனியாக வருகிறது. பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருள் உண்டாகிறது. கொஞ்சம் கார்பன் மோனாக்சைடுகூட வெளியாகிறது. இன்னொரு நொதி அந்தப் பச்சையை மஞ்சள் நிற பிலிருபினாக மாற்றுகிறது. முழங்காலில் கன்றிய இடம் ஊதா, பச்சை, மஞ்சள், பழுப்பு என்று நிறம் மாறுவதைப் பார்க்காத குழந்தை இல்லை. ஒவ்வொரு நிறமும் ஒரு துப்புரவுக் கட்டம். கிடைத்த இரும்பு வீணாவதில்லை, புதிய சிவப்பணு செய்ய எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. இரண்டு மூன்று வாரத்தில் இடம் சுத்தமாகிவிடும்.

தோலைத் தாண்டிய இரத்தத்துக்கு இந்தக் கவனிப்பு கிடையாது. அது வெறும் ஈரப் புரதமாகிவிடுகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் கிட்டத்தட்ட 18 கிராம் புரதம் உண்டு. நம் ஊர்ச் சூட்டிலும் ஈரக்காற்றிலும் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. ஆனால் துடைப்பவர் அஞ்ச வேண்டியது புதிதாக வந்து முளைக்கும் பாக்டீரியாவை அல்ல. இரத்தத்தோடு சேர்ந்தே வெளியேறியிருக்கக்கூடிய வைரஸ்களைத்தான்.

மூன்று வைரஸ்கள் முக்கியம்: ஹெப்பாட்டிடிஸ் பி, ஹெப்பாட்டிடிஸ் சி, எச்.ஐ.வி. மக்கள் பெரிதும் பயப்படுவது எச்.ஐ.விக்கு. ஆய்வுக்கூடத்து உண்மை வேறு. எச்.ஐ.வி. உள்ள திரவம் காயக் காய, சில மணி நேரத்துக்குள் அதன் தொற்றும் ஆற்றலில் 90 முதல் 99 சதவீதம் போய்விடுகிறது. ஹெப்பாட்டிடிஸ் சி அப்படியல்ல. காய்ந்த துளிகளில், அறை வெப்பநிலையில், 6 வாரம் வரை தொற்றும் திறனோடு அது இருக்க முடியும் என்று 2014இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஹெப்பாட்டிடிஸ் பி எல்லாவற்றையும்விட ஆபத்தானது. 1981இல் அமெரிக்க ஆய்வாளர்கள், இந்த வைரஸ் இருந்த இரத்தத் திரவத்தைக் காயவைத்து ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுச் சிம்பன்சிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நோய் தொற்றியது. நோய் முற்றிப் பெருகும் நிலையில் இருப்பவரின் ஒரே மில்லிலிட்டர் இரத்தத்தில் 10 கோடிக்கு மேல் இந்த வைரஸ் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத அளவு கறையே போதும்.

ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். நோயாளியின் இரத்தம் பட்ட ஊசி ஒரு முறை குத்தினால், எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம். ஹெப்பாட்டிடிஸ் சி 2 சதவீதத்துக்கும் கீழே. தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பாட்டிடிஸ் பி 30 சதவீதம் வரை போகலாம். அதாவது நாம் அதிகம் பயப்படும் நோயைப் போல நூறு மடங்கு.

சரி, எதைக் கொண்டு துடைப்பது? நம் வீடுகளில் குளோராக்ஸ் என்று பொதுப்பெயராகவே ஆகிவிட்ட அந்த வெளுப்புத் திரவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸின் ஜவெல் பகுதியில் துணி வெளுக்க உண்டாக்கப்பட்டது அது. அதைத் துப்புரவுக்குக் கொண்டுவந்தவர் அந்துவான் லபராக் என்ற மருந்தாளர். விலங்குகளின் குடலைச் சுத்தம் செய்து நரம்பு திரிக்கும் பட்டறைகள் அப்போது பாரிஸில் இருந்தன. அழுகல் நாற்றத்தில் அங்கே வேலை செய்பவர்கள் பட்ட பாட்டைத் தீர்க்க வழி தேடியபோது, 1820களில், குளோரின் கலந்த கரைசல்கள் அழுகலையே நிறுத்துவதை அவர் கண்டார். பிணவறைகளுக்கும் அது போனது. கிருமி என்ற கருத்தே நிலைபெறாத காலம் அது. குடல் கழுவும் தொழிலாளிக்காகத் தொடங்கிய தேடல் என்பதால் இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடிக்கும்.

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் இதே குளோரினைக் கையில் எடுத்தார். பிணப்பரிசோதனை முடித்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்களின் கையில் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அவர் ஊகித்தார். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பிண வாடை போகவில்லை. குளோரின் நீரில் கழுவினால் போய்விட்டது. வாடை போனால் அந்த ஏதோவும் போயிருக்கும் என்பது அவருடைய கணிப்பு. அந்த ஏப்ரலில் 18 சதவீதத்தைத் தாண்டியிருந்த தாய்மார் மரணம், கை கழுவுதல் கட்டாயமானபின் ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது.

இந்தக் குளோரின் கரைசலில் கிருமியைக் கொல்லும் முதன்மைப் பொருள் ஹைப்போகுளோரஸ் அமிலம். அதே அமிலத்தை நம் உடம்பும் செய்கிறது! காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடிவரும் வெள்ளையணுவான நியூட்ரோஃபில், கிருமியை விழுங்கியதும், உடம்பிலுள்ள உப்பின் குளோரைடை எடுத்து, மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியைக் கொண்டு, தனக்குள்ளேயே இந்த அமிலத்தை உண்டாக்கி அதன்மேல் பாய்ச்சுகிறது. நம் மஜ்ஜை நாளொன்றுக்கு 10,000 கோடி அளவில் இந்த அணுக்களை உற்பத்தி செய்கிறது. சீழில் சில நேரம் ஒரு பச்சைச் சாயல் தெரியும் அல்லவா? அந்த நொதியின் நிறம்தான் அது. 1941இல் சுவீடன் ஆய்வாளர் ஷெல் அக்னர் அதைப் பிரித்தெடுத்தபோது, பச்சை என்று பொருள்படும் பெயரையே முதலில் வைத்தார். வாளியில் நாம் கலக்கும் பொருள், கோடிக்கணக்கான ஆண்டுகளாக இரத்தத்துக்குள்ளேயே இருந்துவரும் ஆயுதம்.

ஆனால் இந்த ஆயுதத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. கிருமியின் புரதத்தையும் சிவப்பணுவின் புரதத்தையும் ஒன்றுபோலவே தாக்கும். பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான் நடக்கிறது: இரத்தக் குட்டையைப் பார்த்ததும் குளோராக்ஸை அதன்மேல் அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பரிந்துரைக்கப்படும் 0.5 சதவீதக் கரைசலில் 100 மில்லிலிட்டருக்கு அரைக் கிராம்தான் குளோரின். அதே அளவு இரத்தத்தில் 18 கிராம் புரதம். வைரஸை எட்டுவதற்குள் குளோரின் முழுவதும் சிவப்பணுக்களோடு மோதித் தீர்ந்துபோகும். கறை மட்டும் வெளுத்துவிடும். நிறம் போனதைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்து. அங்கே இரத்தம் அப்படியே இருக்கிறது, பார்வைக்குத்தான் இல்லை.

ஆகவே வரிசை முக்கியம். கையுறை போட்டு, கண்ணையும் வாயையும் மறைத்துக்கொண்டு, உடைந்த கண்ணாடி, ஊசி, எலும்புத்துண்டு ஏதும் இருந்தால் இடுக்கியாலோ அட்டையாலோ எடுக்க வேண்டும். கையால் தொடவே கூடாது. பிறகு காகிதத் துண்டையோ பழைய துணியையோ போர்த்தி, தேய்க்காமல், இரத்தத்தை ஊறவிட்டு எடுத்துவிட வேண்டும். அடுத்தது சோப்பு. மேலே சொன்ன மூன்று வைரஸ்களுக்கும் வெளியே கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் குலைக்கும், புரதத்தையும் தரையிலிருந்து கழற்றும். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். சுடுநீர் புரதத்தை வேகவைத்துக் கறையை இறுக்கிவிடும். ஸ்பிரிட்டும் அப்படித்தான், அது புரதத்தைத் திரள வைப்பதால், திரண்டதன் அடியில் வைரஸ் பத்திரமாக ஒளிந்துகொள்ளும்.

இத்தனைக்கும் பிறகுதான் குளோராக்ஸ். போத்தலில் சுமார் 5 சதவீதம் என்று இருந்தால், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். அன்றன்றைக்கே கலக்க வேண்டும். கலந்து வைத்தது ஒரு நாளில் வீரியம் குறைந்துவிடும். தரை நனைய ஊற்றி, 10 நிமிடம் காத்திருக்க வேண்டும். இந்த 10 நிமிடத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை. ஊற்றிய கையோடு துடைத்தெடுத்தால் ஊற்றியதே வீண்.

இன்னொரு எச்சரிக்கை. கழிப்பறை கழுவும் அமிலத்தை இதனோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் படைவீரர்கள் மேல் ஏவப்பட்டதே, அதே வாயு. விபத்து நடந்த இடத்தில் சிறுநீரும் கலந்திருக்கலாம். அது பழையதாக இருந்தால், அதிலுள்ள அம்மோனியாவோடு குளோராக்ஸ் சேர்ந்து குளோரமின் உண்டாகி நெஞ்சை அடைக்கும். சன்னல் இல்லாத குளியலறையில் இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

வழவழப்பான ஓட்டுத் தரைக்கு இதெல்லாம் பொருந்தும். மெத்தை, சோபா, கார் இருக்கைக்குள் இறங்கிய இரத்தத்தை எந்தக் கரைசலாலும் எட்ட முடியாது. மேலே உள்ளங்கை அளவு கறை, அடியில் பஞ்சுக்குள் தட்டு அளவுக்குப் பரவியிருக்கும். வெட்டி எடுத்து அப்புறப்படுத்துவதே ஒரே வழி. அடுக்குமாடி வீட்டில் தனியாக இறந்து பல நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டவரின் அறை இன்னும் கடினம். புட்ரெசின், கடாவெரின் என்ற சேர்மங்களின் நாற்றம் சுவர்ப் பூச்சுக்குள்ளேயே ஏறிவிடும். இந்த நாட்டில் பிணத்தை முதலில் தேடி வரும் கிறைசோமியா இனத்துப் பச்சை ஈக்களும் பெருகியிருக்கும். அங்கே தரை ஓட்டைப் பெயர்த்து அடிச் சிமெண்டைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கென்று பழகிய நிறுவனங்கள் இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. சொந்தக்காரர்களே அதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. உடலுக்கு அல்ல, மனதுக்கு.

சுத்தம் என்பது எதைச் சுத்தம் செய்கிறோம் என்று தெரிவதில் தொடங்குகிறது என்பதை மலேசியா பெரும் விலை கொடுத்துக் கற்ற சம்பவம் ஒன்று உண்டு. 1998இல் ஈப்போ பகுதியிலும், பிறகு நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக்கிலும் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக்காய்ச்சலில் சாய்ந்தார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் எண்ணிப் புகை அடித்தார்கள், அதற்கான தடுப்பூசியும் போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங், நோயாளியின் திரவத்திலிருந்து புதியதொரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அது கொசுவில் இல்லை. நோயுற்ற பன்றியின் சளியிலும் சிறுநீரிலும் இருந்தது. நிப்பா என்று அதற்குப் பெயர். 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பன்றியின் அந்தச் சளியையும் சிறுநீரையும் கையால் தொட்டு வேலை செய்தவர்களே அதிகம் மடிந்தார்கள். கையுறையும் முகக்கவசமும் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் அவற்றில் எத்தனையோ.

நம் மருத்துவமனைகளுக்கு வருவோம். மஞ்சள் பையில் கட்டப்படும் இரத்தக் கழிவு, 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் எஸ்.டபிள்யூ. 404 என்ற குறியீட்டின்கீழ் வருகிறது. அதைச் சாதாரணக் குப்பையோடு போட முடியாது. எரியுலைக்குப் போக வேண்டும். பையின் நிறத்துக்கும் போகும் வழிக்கும் இவ்வளவு தெளிவான சட்டம் இருக்கிறது. அந்தப் பையைக் கட்டும் கையின் கதை அவ்வளவு தெளிவாக இல்லை. 1997 முதல் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு தனியார் குத்தகைக்குப் போனது. குத்தகை மாறும்போதெல்லாம் பத்து, இருபது ஆண்டு வேலை செய்தவர்களும் புதிய ஆள் போலத் தொடங்க வேண்டியிருக்கிறது என்பது தொழிற்சங்கத்தின் நெடுங்காலக் குறை. அவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் என்பதை எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் ஒரு காலை நேரம் நின்று பார்த்தாலே தெரியும். 2020 ஜூன் 2 அன்று, கோவிட் தீவிரமாக இருந்த நேரத்தில், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனைக்கு வெளியே துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் நடந்தது. பாதுகாப்பு உபகரணம் போதவில்லை என்பதும் அவர்கள் சொன்ன குறைகளில் ஒன்று. ஐந்து பேர் கைது செய்யப்பட்டார்கள். கிருமியோடு முகத்துக்கு முகம் நிற்பவர் முகக்கவசம் கேட்டதற்குக் கிடைத்த பதில் இது. எனக்கு இதில் நடுநிலை கிடையாது.

சட்டம் இப்போது சற்றுத் துணை நிற்கிறது. 1994ஆம் ஆண்டின் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் விரிவடைந்திருக்கிறது. பேரங்காடியில் மொப்பு பிடிப்பவருக்கும், கொண்டோவில் மாடிப்படி துடைப்பவருக்கும் ஆபத்தை மதிப்பிட்டுப் பாதுகாப்புத் தருவது முதலாளியின் கடமை. கையுறையை அவரே கடையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று சொல்ல எந்த மேற்பார்வையாளருக்கும் உரிமை இல்லை.

ஊசியோ கண்ணாடியோ குத்திவிட்டால், பிழியாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஹெப்பாட்டிடிஸ் பி தடுப்பூசி முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். வேலை நேரத்தில் நடந்ததென்றால் எழுத்தில் பதிந்து வைக்க வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் இழப்பீடு கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

கடைசியாக ஒன்று. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்பாட்டிடிஸ் பி தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் குழந்தைப் பருவத்தில் அதைப் பெறவில்லை. துப்புரவு வேலையில் இன்று இருக்கும் நம் அம்மாக்கள், சின்னம்மாக்கள், அத்தைமார்கள் பெரும்பாலும் அந்த வயதினர். ஒரு சின்ன இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் மூன்று ஊசி. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தால், இந்த வாரமே அவரை கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.